கோர்ட் படி ஏறாத குடும்பம்

எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, தாத்தா யாரிடமும் கடன் வாங்கியதில்லை. இன்னொன்று, மூன்று தலைமுறையாக யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. முதலாவது பொய் என்பது தாத்தா போன பதினாறாம் நாள் தெரிந்தது. இரண்டாவதை உடைத்தவன் நான்.

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். அந்த வருடம் தலைமையாசிரியர் பணியிடம் காலியாக இருந்ததால் பொறுப்பு என் தலையில். ஒரு மதியம், சத்துணவுக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தபோது காவலர் ஒருவர் பைக்கில் வந்து ஒரு தாளை நீட்டி, "சார், ஒரு கையெழுத்து" என்றார். சம்மன். பள்ளியின் சேர்க்கை நீக்கல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும்.

நீதித்துறைப் பாடத்தை அதற்குள் பதினேழு வருடம் நடத்தியிருந்தேன். உச்ச நீதிமன்றம் தொடங்கிய நாள் 1950 ஜனவரி 28. சென்னை உயர் நீதிமன்றம் 1862. உயர் நீதிமன்ற நீதிபதி ஓய்வு பெறும் வயது 62, உச்ச நீதிமன்றத்தில் 65. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வந்த கேள்விகள் வேறு. எத்தனை மணிக்குப் போக வேண்டும்? எங்கே நிற்க வேண்டும்? எனக்கு ஒரு வக்கீல் வேண்டுமா? பேருந்து தாமதமானால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா? "உங்க மேலயா கேஸ்?" என்று மனைவி கேட்டபோது, "இல்ல, நான் சாட்சி" என்று சொல்ல முடிந்ததே தவிர, சாட்சி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்புக்கு அதை நடத்தியவன்தான் நான்.

வழக்கு என்ன என்பதைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். எங்கள் பள்ளியில் முன்பு படித்த பையன் ஒருவன். அவன் பெயரையோ அடையாளத்தையோ வெளியே சொல்ல இளைஞர் நீதிச் சட்டம் தடை விதிக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு திருட்டு வழக்கில் அவனுக்கு 18 முடிந்துவிட்டது என்று காவல்துறை எழுதியிருந்தது. முடியவில்லை என்றார் அவன் தரப்பு வக்கீல். 18 முடியாதவன் என்றால் வழக்கு இந்த நீதிமன்றத்திலேயே நடக்க முடியாது, இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டும். வயதை முடிவு செய்யச் சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்றை. அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. அதுவும் இல்லாவிட்டால்தான் எலும்பைப் பார்த்துச் சொல்லும் மருத்துவச் சோதனை. ஆக, அந்தப் பையன் எந்தப் பக்கம் போகிறான் என்பது நாங்கள் அலமாரியில் கரையானுக்குப் பயந்து பாலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்த அந்த நீளப் புத்தகத்தில் இருந்தது.

பத்து மணிக்கே போய்விட்டேன். வராந்தா முழுக்கக் கூட்டம். பத்தரைக்கு நடுவர் வந்து உட்கார்ந்ததும் பெயர் அழைப்பு தொடங்கியது. டவாலி (நீதிமன்ற ஊழியர்) வாசலுக்கு வந்து ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை கூப்பிடுவார். ஆள் ஓடி வருவார். உள்ளே தேதி சொல்வார்கள். ஆள் திரும்பி வருவார். என் முறை வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. உறுதிமொழி எடுத்தேன். பகவத் கீதை இல்லை. சினிமா பார்த்துப் பார்த்துக் கையை எங்கே வைப்பது என்று தேடியதைக் கவனித்த பெஞ்ச் கிளார்க் லேசாகச் சிரித்தார்.

பையனின் வக்கீல் கேட்டதெல்லாம் சுலபம். பதிவேடு யார் பாதுகாப்பில் இருக்கிறது, எத்தனையாவது பக்கம், என்ன தேதி எழுதியிருக்கிறது. பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

"இந்தப் பக்கத்துல மொத்தம் எத்தனை பசங்க பேர் இருக்கு?"

எண்ணிச் சொன்னேன். இருபது.

"அதுல எத்தனை பேர் மே மாசத்துலயும் ஜூன் மாசத்துலயும் பொறந்திருக்காங்க?"

பதினாறு.

எங்கள் பக்கத்து ஆசிரியர் எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. பிறப்புச் சான்று இல்லாமல் பிள்ளையைக் கூட்டிவருவார்கள். "சித்திரைல பொறந்தான் சார், மழ வந்த வருசம்" என்பார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே என்று யாரோ ஒரு வாத்தியார் கணக்குப் போட்டு ஒரு மே மாதத் தேதியை எழுதிவிடுவார். நானும் எழுதியிருக்கிறேன். "இந்தத் தேதியை நீங்க எழுதுனீங்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார். "இல்லைங்க, எனக்கு முன்னால இருந்தவர்." "எதை வெச்சு எழுதுனார்னு உங்களுக்குத் தெரியுமா?" "தெரியாதுங்க."

அந்த "தெரியாதுங்க"வைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நடுவர் (என்னைவிடப் பத்து வயதாவது குறைந்த பெண்) நான் சொன்னதைத் தட்டச்சருக்குத் தமிழில் சொல்லி, முடிந்ததும் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டச் செய்து, "நீங்க சொன்னபடி இருக்கா சார்? மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க" என்றார். நான் சொன்னதை வரிக்கு வரி எழுதி, சரியா என்று ஓர் அரசு அலுவலகம் என்னிடம் திருப்பிக் கேட்டது அதுவே முதல்முறை. பேருந்தில் திரும்பும்போது பயம் போய் ஒருவித எரிச்சல் வந்திருந்தது. இதை எனக்கு ஏன் யாரும் சொல்லித் தரவில்லை என்று. அடுத்த நிறுத்தத்துக்குள் அந்த எரிச்சல், நான் ஏன் யாருக்கும் சொல்லித் தரவில்லை என்று திரும்பிக்கொண்டது.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் தேநீர் நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். சமூக அறிவியல் ஆசிரியர்கள் மட்டுமல்ல, கணக்கு ஆசிரியர்கள்கூட நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அங்கிருந்த இருபத்து மூன்று பேரில் கோர்ட்டுக்குள் போயிருந்தவர்கள் மூன்று பேர். இருவர் சொந்த விவகாரத்துக்கு, ஒருவர் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் பிடிபட்டு. அந்த மூன்று பேரும் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்கிறோம், கோர்ட்டுக்குப் போனதைச் சொல்வதில்லை.

அந்தப் பையனுக்காக வாதாடியவர் சட்ட உதவி வக்கீல். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும் வட்ட சட்டப் பணிகள் குழுவின் பட்டியலில் இருப்பவர். அவரிடமே போய்க் கேட்டேன்: "மேடம், எங்க டீச்சருங்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுப்பீங்களா?" அவர் கேட்ட பதில் கேள்வி: "வகுப்பு எதுக்கு சார்? வந்து உக்காந்து பாருங்களேன்." அனுமதி? "அனுமதியே வேண்டாம். திறந்த நீதிமன்றம். யார் வேணா வந்து உக்காரலாம். மூடின அறையில நடக்கற வழக்குகளைத் தவிர." இருபது பேர் ஒரே நேரத்தில் வந்தால் உட்கார இடம் இருக்காதே என்பதற்காக மட்டும் நடுவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தார். வட்டக் குழுவுக்குத் தலைவர் அந்த வட்டத்தின் மூத்த நீதித்துறை அதிகாரி என்பதால் சிக்கல் இருக்கவில்லை.

யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற செய்தியை நாங்கள் அத்தனை பேரும் அன்றுதான் தெரிந்துகொண்டோம். அத்தனை பேரும் பட்டதாரிகள்.

நான்கைந்து பேராகப் பிரிந்து, வெவ்வேறு நாட்களில் போனோம். முதல் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் ஏமாற்றம். சுத்தியல் இல்லை. "அப்ஜெக்ஷன் மை லார்ட்" இல்லை. இந்திய பார் கவுன்சில் 2006லேயே கீழமை நீதிமன்றங்களில் "சார்" என்றோ அந்தந்த மொழியில் அதற்குச் சமமாகவோ அழைத்தால் போதும் என்று சொல்லிவிட்டது. எங்கள் ஊர் வக்கீல்கள் "ஐயா" என்கிறார்கள். ஆங்கிலப் படம் நிறையப் பார்க்கும் ஓர் ஆசிரியர் ஜூரிகளை, அதாவது குற்றவாளியா இல்லையா என்று சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவைத் தேடினார். நானாவதி என்ற கடற்படை அதிகாரி மீதான கொலை வழக்கில் 1959ல் பம்பாய் ஜூரி தந்த தீர்ப்பை உயர் நீதிமன்றம் ஏற்காமல் போனதையும், 1973ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனதையும் அவருக்கு வராந்தாவில் கிசுகிசுத்தேன்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் வாய்தா. அறுபது எழுபது வழக்குகளுக்கு மளமளவென்று அடுத்த தேதி. "இதுக்கா காலைல பஸ் பிடிச்சு வந்தாங்க?" என்று ஒரு டீச்சர் கோபமாகவே கேட்டார். வக்கீல் மேடம் அன்றைய பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இதில் சாட்சிக்குச் சம்மன் சேரவில்லை. இதில் தடய அறிவியல் அறிக்கை வரவில்லை. இதில் விசாரணை அதிகாரி வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டார். இதில் என் மனுதாரருக்கே காய்ச்சல். இதில் சும்மா இழுத்தடிக்கிறார்கள். கடைசியைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை. நாடு முழுக்கக் கீழமை நீதிமன்றங்களில் நான்கு கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்பதைப் பாடத்தில் ஒரு வரியாகச் சொல்லலாம். அந்த நான்கு கோடியில் ஒன்று எப்படித் தேங்குகிறது என்று சொல்ல, வராந்தாவில் நின்றிருக்க வேண்டும்.

மூன்று மணிக்குமேல்தான் எங்களில் எவரும் மறக்க முடியாததைப் பார்த்தோம். காவலர்கள் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். முந்தைய நாள் மாலை கைதானவர், இருபது வயதுக்குள்தான் இருக்கும், காலில் செருப்பில்லை. நடுவர் தாள்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார். எத்தனை மணிக்குப் பிடிச்சாங்க? வீட்டுக்குச் சொல்லிட்டாங்களா? அடிச்சாங்களா? எதாவது சொல்லணுமா? வக்கீல் இருக்காரா? இல்லைன்னா அரசு செலவுல ஏற்பாடு பண்ணலாம், வேணுமா?

அவ்வளவுதான். ஐந்து நிமிடம் இருக்கும். அரசமைப்பின் 22ஆம் உறுப்பு: கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கோடிட்ட இடத்தை நிரப்புக என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் 24 என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். அந்த 24 மணி நேரத்தின் கடைசியில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்து "அடிச்சாங்களா?" என்று கேட்பதற்காகத்தான் அந்த எண் இருக்கிறது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. எல்லா இடத்திலும் இது இப்படி அக்கறையாக நடக்கிறது என்று நான் எழுத மாட்டேன். அவசரமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் நாட்களும் உண்டு என்று வக்கீல் மேடமே சொன்னார். ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தானே நடக்காதது கண்ணில் படும்?

பிறகு பாடத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தோம். நாங்கள் முதலில் செய்தது, எல்லா வகுப்பறையிலும் தொங்கும் நீதிமன்ற அடுக்குகளின் அந்தக் கோபுரப் படத்தைத் தலைகீழாக்கியது. உச்சியில் டெல்லி, அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் நம் ஊர் என்றுதான் அது எப்போதும் இருக்கும். நாங்கள் பேருந்து நிலையத்திலிருந்து தொடங்கினோம். பழைய தாலுகா ஆபீஸ், பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகம், அதைத் தாண்டிக் கோர்ட். சொத்துத் தகராறா, உரிமையியல் பக்கம். அடிதடியா, குற்றவியல் நடுவர். அவர் மூன்று வருடம் வரைதான் சிறைத் தண்டனை தர முடியும். தலைமைக் குற்றவியல் நடுவர் என்றால் ஏழு. அதற்குமேல் அமர்வு நீதிமன்றம். அமர்வு நீதிபதி மரண தண்டனை விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. மலைகிராமத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. ஆரம்பச் சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, வேலூர் என்று போவது மாதிரிதானே சார் என்றாள் ஒரு சிறுமி. எங்களுக்குத் தோன்றாத உவமை.

சொற்கள்தான் படுத்திவிட்டன. நம் குற்றவியல் நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் "எதிரி". முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. தீர்ப்பை வாசிக்கக் கொடுத்தால் பிள்ளைகள் "யாருக்கு எதிரி சார்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. செய்தித்தாள் இன்னும் மோசம். பிடிபட்ட அன்றைக்கே "குற்றவாளி" ஆக்கிவிடுகிறது. ஒரு வாரச் செய்தித்தாள்களைக் கொடுத்து, தீர்ப்பு வருமுன் யாரையெல்லாம் குற்றவாளி என்று எழுதியிருக்கிறார்கள் என்று சிவப்பு மையால் சுழிக்கச் சொன்னோம். மை தீர்ந்துவிட்டது.

தமிழய்யா ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டதில் பாடம் களைகட்டியது. "தேரா மன்னா" என்று கண்ணகி கூப்பிடுகிறாளே, தேரா என்றால் ஆராயாத என்று பொருள். கோவலனை ஒரு வார்த்தை கேட்காமல் கொன்றதைத்தான் அவள் சொல்கிறாள் என்று தொடங்கினார். சான்றுப் பொருளை உடைத்துக் காட்டியதும் உள்ளே முத்து இல்லை, மாணிக்கம். அரசு தரப்பு வழக்கு முடிந்தது. ஆனால் மேல்முறையீட்டில் ஜெயித்து என்ன பயன், ஆள் உயிரோடு இல்லையே என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். மனுநீதிச் சோழனில்தான் எங்களுக்குள் சண்டை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையே இருக்கிறது, அவரைப் போய்க் குறை சொல்லலாமா என்றார் தமிழய்யா. நான் விடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் சொந்த மகன். அப்பாவே நீதிபதியாக உட்காரலாமா? இன்றைக்கு என்றால் "இந்த வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று வேறு நீதிபதிக்கு அனுப்பியிருக்க வேண்டும். வேறு நீதிபதி கன்றுக்கு இழப்பீடு வாங்கிக் கொடுத்திருப்பார், பையனும் பிழைத்திருப்பான். தமிழய்யா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அதை வகுப்பில் பட்டிமன்றமாக்கிவிட்டார்.

மாதிரி நீதிமன்றம் நடத்தியது மட்டும் முதல்முறை படுதோல்வி. காணாமல்போன ஜியாமெட்ரி பாக்ஸ் வழக்கு. விசாரணை ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே அரசு வக்கீலாக இருந்த பையன் எதிரியின் காதைப் பிடித்துத் திருகி, "சொல்றா, எடுத்தியா இல்லியா?" என்றான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒரு டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "அவன் வக்கீல் மாதிரி நடிக்கல சார். நம்மள மாதிரி நடிச்சான்."

யாரும் பேசவில்லை. உண்மைதான். வகுப்பில் ஒன்று காணாமல் போனால் புகார் வாங்குவது நான். பையைச் சோதிப்பது நான். முகத்தைப் பார்த்தே யார் என்று முடிவு செய்வது நான், தண்டனை தருவதும் நான். மேல்முறையீடு கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனைக்கும் மன உளைச்சல் தருவதற்கும் தடை விதித்ததால் பிரம்பு போயிற்று. மற்ற எதுவும் போகவில்லை. அந்த உரையாடல் ஒரு பயிற்சி நாளின் பாதியைத் தின்றுவிட்டது, அட்டவணையில் அப்படி ஒரு தலைப்பே இல்லை. சிலருக்குக் கோபம். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஜியாமெட்ரி பாக்ஸுக்குக் குறுக்கு விசாரணை நடத்த முடியுமா என்று கேட்டார்கள். முடியாதுதான். நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று: யாரைச் சந்தேகப்படுகிறேனோ அவன் சொல்வதைக் கடைசிவரை கேட்பேன், நடுவில் "பொய் சொல்லாத" என்று சொல்வதில்லை. பழக்கமாவதற்கு ஒரு வருடம் பிடித்தது.

அடுத்த முறை அந்த நாடகத்தை முடிவில்லாமல் எழுதினோம். பாக்ஸ் எதிரியின் பையில் இருந்தது. ஆனால் இடைவேளையில் பை திறந்தே கிடந்தது. பார்த்த ஒரே சாட்சிக்கு எதிரியோடு பேச்சுவார்த்தை இல்லை. பிள்ளைகளே தீர்ப்பு எழுத வேண்டும். "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து" என்ற வாக்கியத்தை ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்தாள். எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியவில்லை. புகார் கொடுத்த பையன் அழுதுவிட்டான். "அப்போ என் பாக்ஸ எடுத்தது யாரு?" அந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் பல நேரம் பதில் கிடைப்பதில்லை என்பதை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. நானும் சொல்லவில்லை, ஒரு புதுப் பேனா வாங்கிக் கொடுத்தேன்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் பற்றிய அமர்வை வக்கீல் மேடமே எடுத்தார், கதவைச் சாத்திக்கொண்டு, பெரியவர்களுக்கு மட்டும். 2012ன் அந்தச் சட்டத்தில் தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. "பள்ளிப் பேர் கெட்டுடும்" என்பது அங்கே எடுபடாது. இது எங்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான். தெரியாதது, புகாருக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பது. வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக்கூடாது. எதிரியைப் பிள்ளை நேரில் பார்க்கும்படி வைக்கக்கூடாது. வக்கீல்கள் நேராகப் பிள்ளையைக் கேட்க முடியாது, கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும், அவர்தான் கேட்பார். விசாரணை மூடிய அறையில். "இதெல்லாம் தெரிஞ்சிருந்தா அன்னிக்கு..." என்று ஒருவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். யாரும் தூண்டித் துருவவில்லை.

போன மாதம் ஒரு இரவு பக்கத்து ஒன்றியத்திலிருந்து ஒரு தலைமையாசிரியை போன் செய்தார். எங்கள் குழுவில் எப்போதோ ஒரு நாள் வந்து உட்கார்ந்தவர்.

"சார், எனக்குச் சம்மன் வந்திருக்கு. சேர்க்கை ரிஜிஸ்டர் எடுத்துட்டு வரச் சொல்லி."

"பத்து மணிக்குப் போயிடுங்க டீச்சர். அசல் புத்தகமும் வேணும், அந்தப் பக்கத்தோட நகலும் வேணும். நகல்ல நீங்களே சான்றொப்பம் போட்டுடுங்க. சாப்பிட்டுப் போங்க, மதியம் தாண்டிடும். மூணு தடவை கூப்பிடுவாங்க, முதல் தடவையே குரல் குடுத்துடுங்க."

"மே மாசம் பத்திக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க. தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னு சத்தமா சொல்லுங்க, பாவம் தட்டச்சருக்குக் கேக்கணும்."

சிரித்தார். வைக்கப் போனவரை நிறுத்தி முக்கியமானதைச் சொன்னேன்: கிளம்பும்போது ஆஜரானதற்கான சான்று மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குத் தற்செயல் விடுப்பில் கழித்துவிடுவார்கள். எனக்குக் கழித்தார்கள்.